சந்தியும் பேட்டையும்: அரக்கோண வட்டாரத்து வாணிக ஊர்களின் வரலாறு

தமிழகத்து ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தலைநகரங்களையும் கடற்றுறைப் பட்டினங்களையும் திருக்கோயில் ஊர்களையுமே ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டனர். மதுரைக்கும் காஞ்சிக்கும் புகாருக்கும் நூல்கள் பல உள. அரசன் ஆண்டிராத, புலவர் பாடியிராத சிற்றூர் ஒன்று வணிகரையும் தொழிலாளரையும் தன்பால் ஈர்த்துப் பேரூராவதும், அவ்வாறு வளர்ந்த பேரூர் மற்றொன்று தன் வாணிகத்தை இழந்து ஒடுங்குவதும் எக்காரணங்களால் நிகழ்கின்றன என்னும் வினா அத்துணைக் கருத்துடன் எழுப்பப்பெறவில்லை. இது பொருளியலார்க்குரிய வினா எனத் தமிழ் பயில்வோர் ஒதுக்கிவிடுதலும் உண்டு. ஊர், பாக்கம், பட்டினம், பேட்டை, நகரம் எனக் குடியிருப்பின் வகைகளைச் சொல்லாலேயே பிரித்து வழங்கிய மொழிக்கு உரியவர் நாம். ஆதலின் இவ்வினா நமக்கும் உரியதே என யாம் கருதுகின்றோம்.

இதனை ஆராய்தற்கு ஏற்ற நிலப்பகுதி ஒன்று தொண்டைநாட்டின் நடுவே உளது. சென்னைக்கு மேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரக்கோணத்திலிருந்து வாலாஜாப்பேட்டை வரை இருப்புப்பாதை வழியே செல்வோமாயின், 40 கிலோமீட்டர் அளவிற்குள், 7-ஆம் நூற்றாண்டில் அரசன் ஆக்கிய ஊர் ஒன்றும், 18-ஆம் நூற்றாண்டில் அமைச்சன் ஆக்கிய பேட்டை ஒன்றும், 19-ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை ஆக்கிய சந்தி ஒன்றும் காணலாம். மூன்றும் மூன்று வகையாற் பொருளைத் தேடியவை. அவற்றுள் ஒன்றன் ஆக்கம் மற்றொன்றன் கேட்டொடு பிணைந்தே வந்தது. அவற்றிற்கும் மேற்கே, பாலாற்றின் கரையை ஒட்டி, தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. அவை வேறொரு வகை. இந்நான்கினையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி அரக்கோணத்தின் வரலாறு விளங்காது.

பெயர்

அரக்கோணம் என்னும் பெயர்க்கு ஆறு கோணங்களை உடையது எனப் பொருள் கூறுவார் உளர். இஃது ஒலியொப்புமை கண்டு எழுந்த விளக்கமேயாம். ஆறு என்னும் எண்ணுப்பெயர் புணர்ச்சியில் முதல் குறுகி அறு என நிற்கும். அறுகோணம் என வருமேயன்றி, வல்லின றகரம் இடையின ரகரமாகத் திரிந்தும் ககரம் மிக்கும் அரக்கோணம் என வருதற்கு விதி இல்லை. அரக்கு, கோணம் எனப் பிரிப்பார்க்கு ஒலி ஓரளவு துணைசெய்யும்; ஆயினும் அரக்குத் தொழில் இவ்வூரில் நடந்தமைக்குச் சான்று காட்டினாலன்றி அதனையும் ஏற்றல் அரிது. பாதைகள் கூடும் கோணத்தால் பெயர் வந்தது என எவரேனும் கூறுவராயின், பாதைக்கு முன்னரே ஊரும் பெயரும் இருந்தன என்பது ஒன்றே போதிய மறுப்பாகும். ஆங்கில ஆவணங்கள் இதனை ஆர்க்கோணம் எனச் சிதைத்து எழுதின. நிலையப் பலகைகளாலும் கால அட்டவணைகளாலும் அவ்வடிவம் நெடுங்காலம் வழங்கிற்று. பெயராராய்ச்சியை இவ்வளவில் நிறுத்துகின்றோம்.

ஏரியால் ஆகிய ஊர்

அரக்கோணத்திற்கும் வாலாஜாவுக்கும் இடையே மகேந்திரவாடி என்னும் சிறு நிலையம் ஒன்று உளது. விரைவு வண்டிகள் ஆங்கு நில்லா. வண்டியிற் செல்வோருள் எத்துணைப் பேர் அதன் பெயரைக் கருதுவர் என அறியோம். கி. பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் அங்கு ஒரு பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். அக்கோயிலிலுள்ள வடமொழிக் கல்வெட்டு, மகேந்திரபுரம் என்னும் ஊரில், மகேந்திர தடாகம் என்னும் ஏரியின் கரையில், மகேந்திர விஷ்ணுகிருகம் என்னும் கோயில் எடுக்கப்பெற்ற செய்தியைக் கூறுகின்றது. ஊர், ஏரி, கோயில் ஆகிய மூன்றும் ஒருவன் பெயராலேயே அமைந்தமை நோக்கத்தக்கது.

ஈண்டுக் காண்பது வெறும் புகழ் வேட்கை அன்று. தொண்டைநாடு ஏரிகளின் நாடு. காவிரி போன்ற வற்றாத பேராறு இங்கு இல்லை. பாலாறும் கொசத்தலையாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பன. இத்தகைய நிலத்திற் புதிய ஊர் ஒன்றை நிறுவ விரும்பும் அரசன் முதற்கண் செய்யவேண்டுவது மழைநீரைத் தேக்குதலே. நீர் தேங்கிய இடத்திற்கு உழவர் வருவர்; உழவர் வந்த இடத்திற் கோயில் நிலம் பெறும்; கோயில் நிலம் பெற்ற இடத்திற் கைவினைஞர்க்கு வேலை உண்டு. அரசன் செலவிட்ட முதல் ஒன்று. அதனைத் தொடர்ந்து வந்த பயன் பல. இவ்வகையான் அமைந்த ஊர்கள் விரைந்து பெருகா. விரைந்து அழிதலும் இல. காவேரிப்பாக்கத்துப் பேரேரியும் இம்முறைமைக்கு மற்றொரு சான்றாய் இன்றும் நிற்கின்றது. எனினும் மகேந்திரபுரம் நகரமாகவில்லை. உழவரை ஈர்க்க ஏரி போதும். வணிகரை ஈர்க்க வழி வேண்டும்.

வழி இப்பகுதியில் இல்லாமல் இல்லை. அரக்கோணத்திற்குத் தென்கிழக்கே அண்மையிலுள்ள தக்கோலம், திருவூறல் என்னும் பெயரால் திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். அவ்விடத்தில் கி. பி. 949-ஆம் ஆண்டில் சோழ இளவரசன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடும் கங்க மன்னன் பூதுகனோடும் பொருது யானைமீதிருந்தவாறே உயிர் நீத்தான். இப்போரினை வரலாற்றாசிரியர் பலரும் அரசியல் நோக்கில் விரித்துரைத்துள்ளனர். எமக்கு வேண்டுவது வேறு ஒன்று. மேற்கு மேட்டுநிலத்திலிருந்து காஞ்சியை நோக்கி வரும் பெரும்படையும் அதனைத் தடுக்க நின்ற பெரும்படையும் இங்குச் சந்தித்தன எனின், படை செல்லத்தக்க வழி இங்கு இருந்தது என்பது பெறப்படும். படை செல்லும் வழி பெரும்பாலும் பொதிமாடு செல்லும் வழியே. ஆயினும் அவ்வழியின் பயனைப் பெற்ற ஊர் காஞ்சியேயன்றி வழியிடைக் கிடந்த சிற்றூர்கள் அல்ல. இம்முறை பின்னரும் திரும்பத் திரும்ப வருவதைக் காண்போம்.

பேட்டை

18-ஆம் நூற்றாண்டில் ஆர்க்காடு கருநாடக நவாப்புகளின் தலைநகராய் விளங்கிற்று. கோட்டைக்கும் தலைநகருக்கும் அருகே வணிகரும் கைவினைஞரும் வாழும் குடியிருப்பைப் பேட்டை என வழங்கினர். வாலாஜா என்னும் பட்டம் பூண்ட நவாப் முகமது அலியின் பெயரால், ஆர்க்காட்டிற்கு எதிரே பாலாற்றின் வடபால் அமைந்தது வாலாஜாப்பேட்டை. அதனை அமைத்தவர் நவாப்பின் அமைச்சருள் ஒருவரான இராயாஜி என்பர். அக்காலத்தில் பேட்டை அமைப்போர் கையாண்ட முறை ஆவணங்களால் நன்கு அறியப்பட்டதே. வந்து குடியேறும் வணிகர்க்கும் நெசவாளர்க்கும் மனையிடம் அளிப்பர். தொடக்க ஆண்டுகளில் வரியைத் தள்ளியோ குறைத்தோ கொடுப்பர். அவ்வுறுதியைக் கௌல் என்னும் எழுத்து மூலம் வழங்குவர். சந்தை கூடுதற்கு நாள் குறிப்பர். தொழில் முனைவோர்க்கு இன்று அரசுகள் அளிக்கும் சலுகைகளைப் புதுமை எனக் கருதுவோர் கௌல் என்னும் சொல்லை நினைத்தல் நலம்.

இப்பேட்டை நன்கு தழைத்தது. மலைத்தொடருக்கு மேற்பாலுள்ள மைசூர் நாட்டிற்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே சென்ற பொருள்கள் இங்குக் கைமாறின. வடஆர்க்காட்டு நாட்டின் முதன்மையான வாணிகக் களம் என இது பெயர் பெற்றது. நெசவும் கம்பள வேலையும் சிறந்தன. வாணிகம் உள்ள இடத்திற் கலையும் வந்து தங்கும் என்பதற்கு இவ்வூர் தக்க சான்று. தியாகராசரின் மாணாக்கருள் தலைசிறந்த வேங்கடரமண பாகவதர் (1781-1874) சௌராட்டிர மரபினர். அவர் குடியேறி வாழ்ந்த ஊர் இதுவாதலின் வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் என்றே வழங்கப்பெறுகின்றார். தியாகராசரின் கீர்த்தனங்களை ஏட்டில் எழுதிக் காத்த பெருந்தொண்டு அவர்க்கும் அவர் வழியினர்க்கும் உரியது. வாலாஜாப்பேட்டைச் சுவடிகள் என்னும் பெயர் இசை ஆராய்ச்சியாளர் நன்கறிந்தது. பட்டும் நூலும் விற்ற தெரு இல்லையேல் அச்சுவடிகள் அங்கு எழுந்திரா.

1866-ஆம் ஆண்டில் வாலாஜாப்பேட்டை நகராட்சி ஆயிற்று. தமிழகத்தின் மிகப் பழைய நகராட்சி இதுவே எனக் குறிப்பர். ஆனால் அந்நகராட்சி தோன்றிய பொழுதே ஊரின் வாணிகம் தளரத் தொடங்கிவிட்டது. பெருமைக்குரிய பட்டம் வந்து சேர்வதற்கும் செல்வம் வெளியேறுவதற்கும் இடையே நிகழும் இத்தகைய காலமுரண் நகர வரலாறுகளில் அரிதன்று.

இருப்புப்பாதை

தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை 1853-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளில் பொதுமக்களின் பயணத்திற்குத் திறக்கப்பெற்றது. இராயபுரத்திலிருந்து புறப்பட்டு அரக்கோணத்தைக் கடந்து வாலாஜாவில் முடிந்த பாதை அது. ஆர்க்காட்டுப் படையிருப்பும் வாலாஜாப்பேட்டையின் வாணிகமுமே அத்திசையைத் தேர்தற்குத் துணையாயின எனக் கருத இடமுண்டு. அங்ஙனமாயின், பேட்டையின் செல்வமே பாதையை அழைத்தது எனலாம். அழைக்கப்பட்ட விருந்தாளி வீட்டுக்குள் வரவில்லை. ஊரிலிருந்து சில கல் தொலைவில் நிலையம் அமைத்துக்கொண்டு மேற்கே நடந்தான்.

பாதை முடிந்த இடம் வாலாஜாவாக இருந்த அளவும் பேட்டைக்கு ஊதியம் இருந்தது. வண்டிச் சரக்கு அங்கு வந்தே இறங்கவேண்டும். 1862-ஆம் ஆண்டில் மேல்கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை பாதை நிறைவுற்றது. 1864-ஆம் ஆண்டில் சோலையார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்க்குக் கிளை சென்றது. மைசூர் நாட்டுச் சரக்கு இனி வாலாஜாப்பேட்டையில் இறங்க வேண்டிய தேவை யாது? பேட்டையின் வாழ்வு, பொருள் கைமாறும் இடமாக இருந்ததிலேயே தங்கியிருந்தது. கைமாறுதல் நின்றவுடன் தரகரும் பண்டசாலையினரும் வண்டிக்காரரும் ஒருங்கே தொழிலிழந்தனர். நெசவோ, அப்பாதையின் வழியே வந்த ஆலைத்துணியோடு போட்டியிட வேண்டியதாயிற்று. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் வாலாஜாப்பேட்டையின் தொகை ஏறக்குறைய 32,000; அரக்கோண நகராட்சியின் தொகை ஏறக்குறைய 78,000. 1850-இல் இவ்விரண்டையும் கண்டார் எவரும் இதனை நம்பியிரார்.

சந்தி

அரக்கோணத்தில் 1856-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது பெரிதன்று. வழியிலுள்ள நிலையங்களுள் அதுவும் ஒன்றாயிற்று, அவ்வளவே. அதன் ஊழை மாற்றியவை அடுத்த 15 ஆண்டுகளில் அதனோடு வந்து சேர்ந்த இரண்டு கிளைகள். வடமேற்கே பம்பாயை நோக்கிச் செல்லும் பாதைக்கு, திருத்தணி, புத்தூர், இரேணிகுண்டா வழியே மலைகளுக்கு இடையில் இயற்கையான இடைவெளி உண்டு. அவ்விடைவெளியை அடைதற்கு முதற்பாதையிலிருந்து பிரிய ஏற்ற இடம் அரக்கோணம். இப்பாதை கடப்பை வழியாக முன்னேறி 1871-ஆம் ஆண்டில் இராய்ச்சூரை எட்டி, பம்பாயிலிருந்து வந்த பாதையோடு கூடிற்று. இதற்கிடையே 1865-ஆம் ஆண்டில் இந்திய டிராம்வே கும்பினியார் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்திற்கு மூன்றரை அடி அகலமுள்ள குறும்பாதை ஒன்றை இட்டனர். அது 1878-இல் மீட்டர் அளவுப் பாதையாக மாற்றப்பெற்றுப் பின்னர்ச் செங்கற்பட்டோடும் இணைந்தது. கிழக்கே சென்னை, மேற்கே சோலையார்ப்பேட்டை, வடக்கே இரேணிகுண்டா, தெற்கே செங்கற்பட்டு என நான்கு திசையும் கூடும் நாற்சந்தியாயிற்று அரக்கோணம்.

சந்தி என்னும் சொல்லின் பொருளை ஈண்டு நிறுத்தி நோக்குதல் வேண்டும். தெருக்கள் கூடுமிடம் முச்சந்தி, நாற்சந்தி. பொழுதுகள் கூடுமிடம் அந்தி, சந்தி. சொற்கள் கூடுமிடத்தையும் இலக்கணம் அப்பெயராற் குறிக்கும். எவ்விடத்தும் அது கூடுதலைக் குறிக்குமேயன்றித் தங்குதலைக் குறியாது. பேட்டை என்பதோ தங்குதலையே முதலாக உடையது. பேட்டைக்கு வணிகன் குடும்பத்தோடு வந்தான். சந்திக்குச் சரக்கு மட்டும் வந்தது, சென்றது.

அங்ஙனமாயின் அரக்கோணம் எவ்வாறு வளர்ந்தது? பாதையிற் சென்ற பொருளால் அன்று. பாதையைப் பேணும் வேலையால் வளர்ந்தது. நீராவி வண்டியின் இயல்பை அறிந்தார்க்கே இது விளங்கும். அவ்வண்டி சிறு தொலைவு செல்லுமுன் நீர் கேட்கும், நிலக்கரி கேட்கும், சாம்பல் அகற்ற ஆள் கேட்கும், மாற்று எஞ்சின் கேட்கும். சென்னையிலிருந்து 70 கிலோமீட்டர் தொலைவில், நான்கு பாதை கூடுமிடத்தில், எஞ்சின் கொட்டகையும் நீர்த்தொட்டியும் ஓட்டுநர் ஓய்வறையும் அமைதல் தவிர்க்கவொண்ணாதது. மேலும் அகலப்பாதையும் மீட்டர்ப்பாதையும் இங்கு எதிர்ப்பட்டமையால், காஞ்சிபுரம் செங்கற்பட்டுப் பக்கத்துச் சரக்கை ஒரு வண்டியினின்று இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. பொறியியலார்க்குக் குறையாகப்பட்ட இவ்வகல வேறுபாடு, சுமைதூக்குவார்க்கு நாள்தோறும் கூலியாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி அப்பாதை அகலப்பாதையாகும் வரை ஏறத்தாழ 120 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. பாலங்களுக்குரிய இரும்பு விட்டங்களும் பாதை பிரியுமிடங்களுக்குரிய உறுப்புகளும் செய்யும் பொறியியற் பணிமனை இவற்றோடு சேர்ந்தது. 1908-இல் சென்னை-தென்மராட்ட இருப்புப்பாதை, 1951-இல் தென்னக இருப்புப்பாதை எனத் தலைவர் மாறினும் பணிமனை மாறவில்லை.

ஆகவே அரக்கோணம் திங்கட்சம்பளத்தின் ஊராயிற்று. சுற்றிலும் மழையை நம்பிய ஏரிப்பாசன ஊர்கள். நடுவே மழை பெய்யினும் பெய்யாவிடினும் திங்கள்தோறும் சம்பளம் பெறும் சில ஆயிரம் குடும்பங்கள். கடைத்தெருவுக்கு இதனினும் உறுதியான நிலைக்களம் வேறில்லை. ஆங்கிலோ-இந்தியரும் தெலுங்கரும் தமிழரும் கலந்து வாழ்ந்த இருப்புப்பாதைக் குடியிருப்பு, சுற்றுப்புறச் சிற்றூர்களின் பாலுக்கும் காய்க்கும் அரிசிக்கும் சந்தையாயிற்று. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் செல்லும் அடியார் கூட்டம் வண்டி மாறும் இடமாதலின் உணவுக்கடைகள் பெருகின. இத்தனையும் உண்மையே. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. இங்கு வந்தது கூலி, ஊதியம் அன்று. சென்னை இருப்புப்பாதைக் கும்பினியின் பங்குதாரர்க்கு, பாதை ஊதியம் ஈட்டினும் ஈட்டாவிடினும், அரசின் வருவாயிலிருந்து வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. அவ்வட்டி இலண்டனுக்குச் சென்றது. 1876-78 பஞ்சத்தில் இதே பாதை தானியத்தைக் கொணர்ந்தது. விலை மிகுந்த இடம் நோக்கிக் கொண்டும் சென்றது. அரக்கோணத்தில் ஈட்டிய முதல் அரக்கோணத்திலேயே மற்றொரு தொழிலாக முளைத்தல் அரிதாயிற்று. ஊர்ப் பெருமை பேசும் சிறுநூல்கள் சந்தியின் அகலத்தைப் பாராட்டுமளவிற்கு இதனைக் கருதுவதில்லை.

தோலூர்கள்

இதற்கு மாறாக மேற்கே நோக்குவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களும் அதே இருப்புப்பாதையின் பயனைத் துய்த்தவையே. அவற்றின் பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டுச் சந்தைக்கு அரக்கோணம் வழியாகத்தான் சென்றது. அரக்கோணம் அதனைக் கண்டது; தொடவில்லை. ஏன்? தோல் பதனிட நீர் மிகுதியாக வேண்டும். பாலாற்றின் மணலை அகழ்ந்தால் நீர் ஊறும். அரக்கோணமோ பாலாற்றினின்று விலகி நிற்பது. ஆவாரம்பட்டை இப்பகுதிக் காடுகளிலும் மேடுகளிலும் கிடைத்தது. இவற்றினும் முதன்மையான காரணம், தோல் வாணிகத்தில் வழிவழியாகப் பழகிய முசுலிம் வணிகக் குடும்பங்கள் அவ்வூர்களிலேயே வேரூன்றியிருந்தமை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆவாரம்பட்டையாற் பதனிட்ட சென்னைத் தோல் இலண்டன் சந்தையிற் பெயர் பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் அரசின் சார்பிற் குரோம் பதனிடுதலைச் சென்னையிற் சோதித்துக் காட்டினார். முதல் உலகப்போரில் படைவீரர் காலணிக்கெனத் தோல் பெருமளவில் வாங்கப்பட்டது. 1948-இல் சென்னையில் நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. 1970-களில், சீதாராமய்யா குழுவின் பரிந்துரைக்குப் பின், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திற்று. முற்றும் பதனிட்ட தோலும் காலணியும் செய்தாலன்றி வாழ்வில்லை என்னும் நிலை வந்தது. அந்நெருக்கடியே ஆம்பூரைக் காலணி தைக்கும் ஊராக்கியது. பெண்டிர் ஆயிரக்கணக்கில் ஆலைப்பணிக்கு வந்தனர். வெளியிலிருந்து ஒரு பெருநிறுவனம் வந்து இதனைச் செய்யவில்லை. இருந்த வணிகரே தம் தொழிலை மாற்றிக்கொண்டனர்.

ஈட்டிய பொருள் எங்குச் சென்றது என்பதிலேதான் சந்திக்கும் இவ்வூர்களுக்கும் உள்ள வேறுபாடு முற்றும் புலனாகின்றது. வாணியம்பாடியில் 1919-ஆம் ஆண்டில் இசுலாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விசாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் அக்கீம் (1863-1938) பெயரால் அவ்வூரில் 1965-இல் கல்லூரி அமைந்தது. ஊரில் ஈட்டிய முதல் ஊரிலேயே பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் மறுபடி ஆலையாகவும் நின்றது. எனினும் இவ்வாக்கத்திற்கு விலையும் கொடுக்கவேண்டியதாயிற்று. எந்தப் பாலாறு தொழிலை ஈர்த்ததோ அந்தப் பாலாறே கழிவுநீரால் கெட்டது. கிணறுகளும் வயல்களும் உவர்ப்பேறின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகத்து 28-ஆம் நாள் அளித்த தீர்ப்பு, மாசு செய்தோரே இழப்பீடு தரவேண்டும் என்னும் நெறியை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. வேரூன்றிய தொழில் ஓடிப்போகாது என்பது அதன் சிறப்பு. அது செய்த கேடும் ஓடிப்போகாது என்பது அதன் மறுபுறம். ஆம்பூரைப் போல் அரக்கோணம் ஆகவில்லையே என இரங்குவார் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

மீண்டும் வந்தவை

நீராவி மறைந்தபின் சந்தியின் பழைய வேலைகள் பல குறைந்தன. மின்சார வண்டி நீர் கேளாது, நிலக்கரி கேளாது. 1980-களில் மின்பாதை அரக்கோணத்தை எட்டியதும், பழைய எஞ்சின் கொட்டகையின் மரபைத் தொடர்வதுபோல் மின் எஞ்சின்களைப் பேணும் பணிமனை இங்கு அமைந்தது. ஊர் முற்றும் தளராமல் நின்றதற்கு இஃது ஒரு காரணம். மற்றொன்று, 1970-களில் ஊரையடுத்த இச்சிப்புத்தூரில் எம். ஆர். எப். நிறுவனத்தார் தொடங்கிய உருளிப்பட்டை (டயர்) ஆலை. சென்னைத் துறைமுகத்திற்கு அண்மை, கேரள நாட்டு இரப்பர் வருதற்குரிய பாதை, தொழிற்பழக்கமுடைய மக்கள் ஆகியன இவ்விடத்திற்கு உள்ள தகுதிகள். பட்டறையிற் பழகிய கை ஆலைக்கும் பயன்படும்.

மூன்றாவது வருகை வான்வழி நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது 1942-இல் இங்கு வானூர்தித் தளம் ஒன்று அமைக்கப்பெற்றது. அதனை இந்தியக் கடற்படை தன் வான்படைத் தளமாக விரித்து அமைத்து, 1992-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இரா. வேங்கடராமன் கையால் தொடங்குவித்தது. இராசாளி என்னும் நல்ல தமிழ்ப்பெயரை அது பூண்டிருத்தல் மகிழ்ச்சிக்குரியது. 2015-ஆம் ஆண்டு திசம்பர்ப் பெருவெள்ளத்தால் சென்னை வானூர்தி நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் வானூர்திகள் இங்கிருந்து பறந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் அணியும், தக்கோலத்தில் நடுவண் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி நிலையமும் இவ்வட்டாரத்தில் உள. அப்பயிற்சி நிலையத்திற்கு 2025-ஆம் ஆண்டில் இராசாதித்த சோழன் பெயர் சூட்டப்பெற்றது. வீழ்ந்த வேந்தன் 1,076 ஆண்டுகளுக்குப் பின் அதே மண்ணில் நினைக்கப்பெற்றான்.

இந்நிறுவனங்களால் ஊருக்கு விளைந்த நன்மை உண்டு. அதன் அளவை மிகைப்படக் கூறுவோர் கூற்றையே யாம் உடன்படவில்லை. மதிலுக்குள் அமைந்த நிறுவனம் தன் வீட்டுவசதியையும் பண்டசாலையையும் பள்ளியையும் தனக்குள்ளேயே உடையது. அதன் பணியாளர் நாடெங்கிலுமிருந்து வந்து சில ஆண்டுகளில் மாறிச் செல்வர். வானூர்தித் தளத்தைச் சுற்றிக் கட்டடங்களின் உயரத்திற்கும் வரம்பு உண்டு. ஊர்க் கடைக்குச் சிறிது வாணிகமும், ஒப்பந்தக்காரர்க்குச் சிறிது வேலையுமே வெளியே கசிவன. இவற்றோடு ஒப்பிடின், நாள்தோறும் விடியற்காலையில் சென்னைக்கு வண்டியேறிச் சென்று இரவில் மீளும் பல்லாயிரவர் கொணரும் வருவாய் இவ்வூர்க்குப் பெரிது என்றே தோன்றுகின்றது. அது சந்தியின் பழைய இயல்பின் தலைகீழ் வடிவம்: முன்னர்ச் சரக்கு ஊரின் வழியே சென்றது, இப்போது ஊரே காலையிற் சென்று மாலையில் திரும்புகின்றது.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இவ்வாராய்ச்சியை வேறொரு திசைக்கு ஈர்க்கின்றது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் இராணிப்பேட்டை மாவட்டம் அமைந்தபின், நெமிலி வட்டத்துப் பனப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்கா வகுக்கப்பெற்றது. அங்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் டாட்டா மோட்டார்ஸ் நிறுவனத்தின் 9,000 கோடி ரூபாய் மதிப்புள்ள ஊர்தி ஆலைக்கும், அவ்வாண்டு திசம்பரில் தைவான் நாட்டு ஹோங் பூ நிறுவனத்தின் 1,500 கோடி ரூபாய் மதிப்புள்ள காலணி ஆலைக்கும் அடிக்கல் நாட்டப்பெற்றது. பின்னதில் ஏறக்குறைய 25,000 பேர்க்கு, பெரும்பாலும் பெண்டிர்க்கு, வேலை கிடைக்கும் என அறிவிக்கப்பெற்றது. தோலூர்களின் எல்லைக்குள் தோலில்லாத காலணி வருகின்றது. தைக்கும் கை ஆம்பூர்ப் பக்கத்தில் உளது. பதனிடும் நீர் அதற்கு வேண்டுவதில்லை. பாலாறு என்னும் தகுதி இல்லாமையாற் பின்தங்கிய கிழக்குப் பகுதிக்கு அவ்வின்மை இனித் தடையாகாது போலும்.

இதனை நகராட்சி வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். 1958-இல் கிண்டியில் அரசு அமைத்த தொழில் வளாகத்திற்குத் தொழிற்பேட்டை எனத் தமிழில் பெயரிட்டபோது, நவாப் காலத்துப் பேட்டை புதிய வாழ்வு பெற்றது. சாலை, மனையிடம், நீர், வரிச்சலுகை ஆகியவற்றை முன்னரே அமைத்து வைத்து வணிகரை அழைக்கும் முறைமை கௌலின் வழிவந்ததே, பெயரும் பொருந்திற்று. அண்மையில் அச்சொல் மெல்ல விலகித் தொழிற்பூங்கா என்பது அதனிடத்தைப் பற்றி வருகின்றது. பேட்டை என்பது ஆலையையும் வீட்டையும் கடைத்தெருவையும் ஒருங்கே குறித்த சொல். பூங்கா அவ்வாறன்று, அதில் குடியிருப்பார் இல்லை. பனப்பாக்கத்திற்கு வரவிருக்கும் பணியாளர் தங்குமிடம் காவேரிப்பாக்கமா, நெமிலியா, அரக்கோணமா, அன்றி அரசு அமைக்கும் விடுதிகளா என்பதைப் பொறுத்தே வாடகையும் கடைவாணிகமும் பள்ளிச் சம்பளமும் எவ்வூரிற் சேரும் என்பது அமையும். அரக்கோணத்தினின்று பனப்பாக்கத்திற்கு இருப்புப்பாதை இல்லை. பேருந்துச் சாலையே உளது. இவ்வைந்தாறு ஊர்களின் வீட்டுவரிப் பதிவேடுகளையும் வாணிக உரிமப் பதிவேடுகளையும் 2024-ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் எடுத்து ஒப்பிடும் பணியைப் பட்ட மேற்படிப்பு மாணவர் ஒருவர் மேற்கொள்வாராயின், 1856-இல் வாலாஜாப்பேட்டையில் எவரும் குறித்து வையாத செய்தி இம்முறையேனும் குறித்து வைக்கப்பெறும்.